கற்றுக்கொள்வோம்: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இயங்குதளம்



கூட்டமைப்பு அலுவலகங்களுக்குப் போகும்போது சமீபகாலமாக எல்லா இடத்திலும் ஒரே பேச்சு காதில் விழுகிறது. “நம்ம கம்ப்யூட்டர் பழசாயிடுச்சாம். புதுசு வாங்கணும்னு சொல்றாங்க. அவ்வளவு பணத்துக்கு எங்க போறது?” என்று பொறுப்பாளர்கள் கவலைப்படுகிறார்கள். புதுசு வாங்குவதற்கு முன்னால் யோசித்துப் பார்க்க வேண்டிய ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

பிரச்சினை என்ன?

கம்ப்யூட்டர் வெறும் இயந்திரம். அதை வேலை வாங்குவது இயங்குதளம் என்ற மென்பொருள். நம்மில் பலருக்குத் தெரிந்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அனுப்பி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, ஓடும். ஆனால் பூட்டு தேய்ந்த பெட்டியைப் போல, இன்டர்நெட் வழியாக வைரஸ் நுழைவது சுலபமாகிவிடும். அடுத்தது விண்டோஸ் 11. அதைப் போட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய வகை பிராசஸரும் வேண்டும். பல பழைய கம்ப்யூட்டர்களில் இவை இல்லை.

லினக்ஸ் என்றால் என்ன?

1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல வகைகள் உண்டு. இவற்றுக்கு விலை கிடையாது. பாதுகாப்புத் திருத்தங்களும் இலவசமாக வருகின்றன. லினக்ஸ் மின்ட் போட 2 ஜி.பி. ராம் இருந்தால் போதும், 4 ஜி.பி. இருந்தால் நல்லது. கடிதம், அட்டவணை தயாரிக்க லிப்ரே ஆபீஸ் அதிலேயே இருக்கிறது. எக்செல் கோப்புகளையும் அது திறக்கும்.

“அப்படின்னா விண்டோஸை எடுத்துட்டு இதையே போட்டுடலாமே?” என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். நம் கணக்குகள் டேலியில் இருந்தால், அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தீர்மானங்கள், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் புரியாத எழுத்துகளாகத் தெரியும். எனவே இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸும், நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

வரப்பு போடுவது போல

ஒரு நிலத்தில் நடுவே வரப்பு போட்டு ஒரு பக்கம் நெல்லும் மறு பக்கம் உளுந்தும் போடுகிறோம் அல்லவா? அதே போலத்தான். ஹார்டு டிஸ்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் விண்டோஸ், மறு பக்கம் லினக்ஸ். சுவிட்ச் போட்டதும் “எது வேண்டும்?” என்று கேட்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். மற்றது வேண்டுமானால் அணைத்துத் திரும்பப் போட வேண்டும்.

படிப்படியாகச் செய்வோம்

1. முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள். டேலி கணக்கு, குழு விவரம், போட்டோ எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். எடுத்ததோடு விடாமல், வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல.

2. பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை நோட்டில் எழுதி வைத்து, பூட்டை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

3. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அந்தப் பக்கக் கோப்புகளில் கை வைத்தால் கெட்டுப்போகலாம்.

4. ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ போய், சி டிரைவ் மேல் வலது கிளிக் செய்து, ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுங்கள். 50 ஜி.பி. இடம் ஒதுக்க 51200 என்று எழுத வேண்டும். காலியாக வரும் இடத்தை அப்படியே விடுங்கள்.

5. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் லினக்ஸ் மின்ட்டை ஏற்றுங்கள். அந்த பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும். ஆகவே கணக்கு நகல் உள்ள பென் டிரைவ் வேறாக இருக்கட்டும். இரண்டுக்கும் வேறு வேறு நிற நூல் கட்டி வையுங்கள்.

6. பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரைப் போடும்போது எஃப்12 அல்லது எஃப்9 போன்ற விசையை அழுத்தி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். எதையும் பதியாமலே லினக்ஸ் ஓடும். பிரிண்டர், இன்டர்நெட், தமிழ் டைப்பிங் வேலை செய்கிறதா என்று அங்கேயே சோதியுங்கள். பிடிக்கவில்லையா? அணைத்து பென் டிரைவை எடுத்துவிடலாம், ஒரு நஷ்டமும் இல்லை.

7. திருப்தி என்றால் ‘இன்ஸ்டால்’ கொடுங்கள். இங்கேதான் கவனம் தேவை. ‘இன்ஸ்டால் அலாங்சைடு விண்டோஸ்’ என்றால் விண்டோஸுக்குப் பக்கத்தில் வைப்பது. நமக்கு வேண்டியது இதுதான். ‘இரேஸ் டிஸ்க்’ என்றால் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது. இதைத் தொடவே கூடாது. இருவராக உட்கார்ந்து, ஒருவர் சத்தமாகப் படித்து, மற்றவர் சரிபார்த்த பிறகே பட்டனை அழுத்துங்கள்.

வேலை நடக்கும்போது கரண்ட் போகக் கூடாது. யு.பி.எஸ். அல்லது இன்வர்ட்டர் இருக்கட்டும். லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டே வையுங்கள்.

முடிந்த பிறகு

இன்டர்நெட், மெயில், கடிதம், அறிக்கை ஆகிய வேலைகளை லினக்ஸில் செய்யுங்கள். டேலிக்கு மட்டும் விண்டோஸ் போங்கள். அங்கே இன்டர்நெட்டை முடிந்தவரை போடாதீர்கள். இப்படிச் செய்தால்தான் பாதுகாப்பு.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம். பயப்படாதீங்க, பழுது இல்லை. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படித்துவிடும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்தை எழுதும்படி மாற்றச் சொன்னால் சரியாகிவிடும்.

வெளியிலிருந்து ஆள் வந்து செய்தாலும், நம் கணக்காளரும் ஒரு பொறுப்பாளரும் பக்கத்தில் இருக்க வேண்டும். நகல் எடுத்ததையும் வேலை செய்த தேதியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது நாம் வாரா வாரம் கட்டிய சேமிப்பின் கணக்கு. இயந்திரம் போனால் இன்னொன்று வாங்கலாம். கணக்கு போனால் உறுப்பினர்களின் நம்பிக்கையும் போய்விடும்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

• நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருப்பது எந்த விண்டோஸ்?
• கணக்கை கடைசியாக எப்போது நகல் எடுத்தோம்? அது யாரிடம் இருக்கிறது?
• புதுசு வாங்கும் செலவு எவ்வளவு? இந்த வழியில் எவ்வளவு மிச்சமாகும்?
• இதைக் கற்றுக்கொள்ள நம்மில் யார் இரண்டு பேர் முன்வருகிறோம்?