மாசிப் பனியும் மிளகாய் வத்தலும்



கீழவைப்பாரைத் தாண்டி விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் தை, மாசியில் மிளகாய்ப் பழம் எடுக்கிறோம். பகலில் வெயில், ராத்திரியில் பனி. பகலெல்லாம் காய்ந்த வத்தல் ராத்திரி ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கும். அப்புறம் பூஞ்சணம் பிடிக்கும், விலையும் இறங்கும்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில பூஞ்சணம் ‘அஃப்ளாடாக்சின்’ என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுசாகப் போகாது. நல்ல வத்தலை விற்றுவிட்டு, பூஞ்சணம் பட்டதை வீட்டுக் குழம்புக்கு வைக்காதீங்க!

என்ன செய்யலாம்?

1. வெறும் தரையில் வேண்டாம், தார்ப்பாயில் காயப்போடுங்க.
2. பொழுது சாயுமுன் குவித்து மூடுங்க. காலையில் பனி விலகியபின் பரப்புங்க.
3. குலுக்கினால் விதை சலசலக்கணும். அதுக்குப் பிறகே மூட்டை கட்டுங்க.

குழுவுக்குப் பொதுவாகத் தார்ப்பாய் வாங்கலாமா? அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுங்க.