லினக்ஸ் கணினிக்கு ஏற்ற வரைகலை அட்டை

கணினித் திரையில் உருவங்களைத் தோற்றுவிக்கும் உறுப்பே வரைகலை அட்டை. லினக்ஸில் இயங்கும் கணினிக்கு அதனை வாங்கும் சங்கத்தார், வேகத்தையும் விலையையும் நோக்குமுன், அதனை இயக்கும் ‘டிரைவர்’ என்னும் மென்பொருள் எங்கிருந்து வருகிறது என வினவுதல் வேண்டும்.

1. முதற்கண், தனி அட்டை தேவையா என்று ஆராய்க. கணக்கெழுதுவதற்கும் சேலைக்கரை வடிவம் வரைவதற்கும், பல செயலிகளில் உள்ளடங்கியுள்ள வரைகலையே போதும்.

2. இன்டெல், ஏஎம்டி அட்டைகளுக்குரிய டிரைவர், லினக்ஸின் மையமாகிய கெர்னலுடனேயே வருகிறது. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருத்தலின், உற்பத்தியாளர் கைவிட்டாலும் பிறர் அதனைப் பேண இயலும். மிகப் புதிய அட்டைக்கு மட்டும் புதிய கெர்னல் வேண்டும்.

3. என்விடியா அட்டையின் முழு ஆற்றலைப் பெறப் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் டிரைவரைத் தனியே நிறுவ வேண்டும். அந்நிறுவனம் 2012-இல் வெளியிட்ட கெப்ளர் வகை அட்டைகளை, 2021-இல் வந்த 495 முதலான டிரைவர்கள் ஏற்பதில்லை. பழைய அட்டை மலிவாகக் கிடைப்பினும் இதனை மறத்தலாகாது.

4. பணம் செலுத்துமுன், யுஎஸ்பி வழியே லினக்ஸைத் துவக்கித் திரையைச் சோதித்தறிக. மின்வழங்கியின் வாட் அளவு அட்டைக்குப் போதுமா என்பதையும் காண்க.

சங்கத்தின் பணம் அங்கத்தினர் அனைவருடையது. நீடித்து உழைக்கும் பொருளை வாங்குதலே சிக்கனமாகும்.