திண்ணைக்கு வலை: தாய்க்கும் சேய்க்கும் காவல்



கோடை வந்துவிட்டால் வீட்டுக்குள் படுக்க முடிவதில்லை. இராச் சாப்பாடு முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்கு வருகிறோம். காற்று வருகிறது, கூடவே கொசுவும் வருகிறது. பெரியவர்கள் விசிறியால் விரட்டிக்கொள்வார்கள். வயிற்றுச் சுமையோடு அசந்து தூங்கும் தாயும், தூளியில் கிடக்கும் பச்சைப் பிள்ளையும் என்ன செய்வார்கள்?

ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள். மனைவிக்கு இது ஆறாம் மாதம். கிராம சுகாதார நர்ஸ் பார்க்க வந்திருக்கிறார்.

கணவர்: வாங்க நர்ஸம்மா. இவ கையைப் பாருங்க, எல்லாம் தடிப்பு. உள்ளே படுன்னா புழுங்குதுங்கிறா. வேப்பிலை மூட்டம் போட்டா இருமுறா.

நர்ஸ்: புகை தாய்க்கும் ஆகாது, பிறக்கிற பிள்ளைக்கும் ஆகாது தம்பி. திண்ணைக்கு வலை அடிச்சிடுங்களேன்.

கணவர்: அதெல்லாம் பங்களாக்காரங்க வேலைம்மா. அடுத்த மாசம் வளைகாப்புச் செலவு வேற இருக்கு.

மனைவி: ஏங்க, வளைகாப்பு ஒரு நாள். கொசு தினமும் கடிக்குது. பந்தலைச் சின்னதாப் போட்டுக்கலாமே.

இந்தத் தங்கை சொன்னது சரிதானா? பார்ப்போம்.

கொசுக்கடி வெறும் அரிப்பு அல்ல

மலேரியாக் கொசு அந்தி முதல் விடியும் வரை கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவும் இரவில் கடிப்பதே. டெங்குக் கொசு பகலில் கடிக்கும். ஆகவே பகலில் தூளியில் தூங்கும் குழந்தைக்கும் காவல் வேண்டும்.

கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் இரத்தம் குறையும். கரு கலையலாம். குழந்தை குறைமாதத்தில் பிறக்கலாம். எடை குறைந்தும் பிறக்கலாம். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு நோயை எதிர்க்கும் சக்தி குறைவு.

வலை காத்த கதை

1897-இல் செகந்தராபாத்தில் டாக்டர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1900-இல் இத்தாலியில், ரோம் நகருக்கு அருகே ஆஸ்டியா என்ற சதுப்பு நிலத்தில் டாக்டர் சாம்பன், டாக்டர் லோ இருவரும் வலை அடித்த குடிலில் மூன்று மாதம் தங்கினார்கள். பொழுது சாயும் முன்பே உள்ளே வந்துவிடுவார்கள். மலேரியா மருந்து எதுவும் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்தார் காய்ச்சலில் படுத்தார்கள். இவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதே காற்று, அதே தண்ணீர். வலை ஒன்றுதான் வித்தியாசம்.

ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. வலை அடிக்காத வீடுகளில் 100 குழந்தைகளில் 19 பேருக்கு இரத்தசோகை இருந்தது. கதவு, சன்னல், கூரைச் சந்து எல்லாவற்றையும் அடைத்த வீடுகளில் அது 12 ஆகக் குறைந்தது.

எப்படி அடிப்பது?

1. வலையின் கண்: ஓர் அங்குல நீளத்தில் 16 கண்ணாவது இருக்க வேண்டும். கடையிலேயே எண்ணிப் பாருங்கள். நைலான் வலை விலை குறைவு; ஆனால் எலி கடிக்கும். கடலோர ஊர்களில் இரும்புக் கம்பி வலை சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே அலுமினிய வலை நல்லது.

2. அளவு: முன்பக்கம் 8 அடி, பக்கவாட்டில் 4 அடி வீதம் இரண்டு, உயரம் 6 அடி என்றால் 96 சதுர அடி. அடியில் 2 அடிக்குச் செங்கல் கட்டோ பலகையோ வைத்தால் 64 சதுர அடி வலை போதும். ஆடு முட்டினாலும் பிள்ளை உதைத்தாலும் வலை கிழியாது. ஓரம் மடிக்கக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள்.

3. சட்டம்: மரச்சட்டத்தில் வலையைத் தொய்வில்லாமல் இழுத்து ஆணி அடித்து, மேலே ரீப்பர் வைத்து இறுக்குங்கள். சட்டத்தைத் தூணில் திருகாணியால் பொருத்தினால் கழற்றிக் கழுவலாம். தூசி அடைத்த வலையில் காற்று வராது.

4. கூரைச் சந்து: பலர் விட்டுவிடுவது இதைத்தான். உத்திரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள சந்தை வலைத் துண்டால் அடையுங்கள். மண் பூசி மூடினால் சூடு வெளியேறாது. வீட்டுச் சன்னலுக்கும் வலை வேண்டும். இல்லாவிட்டால் கொசு வீட்டுக்குள் நுழைந்து திண்ணைக்கு வரும்.

5. கதவு: வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால், கதவில் உட்கார்ந்திருக்கும் கொசுவை நாமே உள்ளே தள்ளிவிடுவோம். தானே சாத்திக்கொள்ள ஸ்பிரிங் வையுங்கள். கதவின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியுங்கள். பூட்டு வேண்டாம். இராத்திரி அவசரத்தில் உள்ளிருந்து சட்டென்று திறக்கும் தாழ்ப்பாள் போதும்.

வலைக்குள் கூடாதவை

அடுப்பும் கொசுவர்த்திச் சுருளும் கூடாது. மூடாத தண்ணீர்த் தொட்டியும் கூடாது. அதை உள்ளே வைத்தால் வலைக்குள்ளேயே கொசு பிறக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு நாள் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். கொட்டாங்கச்சி, பழைய டயர், ஆட்டுக்கல் குழி எதிலும் தண்ணீர் நிற்கவிடாதீர்கள். இது மனைவிக்கு மட்டும் உள்ள வேலை அல்ல. இருவரும் செய்ய வேண்டியது.

இப்போது பணம் இல்லையா?

கர்ப்பிணிக்கு முதலில் ஒரு துணிக் கொசுவலை வாங்குங்கள். ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். திண்ணை வேலையைப் பிறகு ஒவ்வொரு பக்கமாகச் செய்யலாம். ஆனால் ஒரு பக்கம் திறந்திருக்கும் வரை கொசுவலையை எடுத்துவிடாதீர்கள். கொசுவுக்கு ஒரு சந்து போதும்.

வலை இருந்தும் காய்ச்சல் வந்தால் தாமதம் வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணி கடையில் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

கணவர்: சரி, பந்தலைச் சின்னதாப் போட்டுக்கலாம். ஆசாரியை நாளைக்கே வரச் சொல்றேன். நீ அந்தக் கயிறைப் பிடி, தூணுக்குத் தூண் அளந்துடலாம்.

மனைவி: மேலே அந்தச் சந்தையும் சேர்த்து அளங்க. நர்ஸம்மா சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

நீங்களும் இன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்:

• நம் வீட்டில் கொசு எந்தெந்த வழியாக வருகிறது?
• எந்தச் செலவைக் குறைத்தால் வலை வாங்கலாம்?
• வாரம் ஒரு நாள் தொட்டி கழுவுவது எந்தக் கிழமை?

சந்தை அடைப்போம், கதவைச் சாத்துவோம். தாயும் சேயும் நிம்மதியாகத் தூங்கட்டும்!