பாடம் 14: பழைய கார்டும் புதிய கணினியும்

ரெக்ஸ்டேலில் உள்ள உங்கள் வீட்டுக்குப் புதிய கணினி வந்திருக்கிறது என்று நினையுங்கள். விளையாட்டைத் திறந்தால் படம் விட்டுவிட்டு ஓடுகிறது. மாமா தன் பழைய கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வருகிறார்.

"மாமா, இது பொருந்துமோ?"

"போட்டுப் பாப்பம்."

"தம்பி, பழுதாக்கிப் போடாதை! புதுசு வாங்கக் காசில்லை," என்கிறார் அம்மா.

அம்மா சொல்வது சரி. போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

1. இடம் சரியா?
கணினியின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை தாய்ப்பலகை. கார்டு அதில் உள்ள நீளமான ஸ்லாட்டில் இருக்கும். 1997இல் வந்த ஏஜிபி கார்டு இன்றைய ஸ்லாட்டுக்குள் போகாது. அழுத்தினால் உடையும். 2004இல் கடைகளுக்கு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போகும். ஆனால் இரண்டில் எது மெதுவானதோ, அந்த வேகத்தில்தான் இரண்டும் பேசும். அம்மம்மாவோடு நீங்கள் மெதுவாகப் பேசுவது போல!

2. மின்சாரம் போதுமா?
ஸ்லாட் 75 வாட் வரைதான் கொடுக்கும். அதற்கு மேல் தேவையான கார்டுக்குத் தனி வயர் செருக வேண்டும்.

3. தொடங்கும்போது ஒத்துப்போகுமா?
இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மாமாவின் கார்டில் "ஏடிஐ" என்று எழுதியிருக்கிறது. ஏடிஐ எங்கட பக்கத்து ஊர்க் கம்பெனி! 1985இல் தொடங்கி, மார்க்கத்தில் வளர்ந்தது. 2006இல் ஏஎம்டி அதை வாங்கியது. 2010இல் கார்டுகளுக்கு ஏடிஐ என்ற பெயர் வைப்பதை நிறுத்தியது. ஆகவே அந்தப் பெயரே கார்டின் வயதைச் சொல்கிறது.

அந்தக் காலத்துக் கார்டுகள் 'பயோஸ்' என்ற பழைய முறையில் தொடங்கும். இன்றைய தாய்ப்பலகைகள் 'யூஇஎஃப்ஐ' என்ற புதிய முறையில் தொடங்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கலாம்.

பயப்பட வேண்டாம். கார்டு செத்துப்போகவில்லை. கார்டைக் கழற்றிவிட்டு, திரையின் வயரை முன்பு இருந்த இடத்திலேயே செருகுங்கள். பிறகு தாய்ப்பலகையின் அமைப்புகளில் 'சிஎஸ்எம்' இருக்கிறதா என்று மாமாவோடு பாருங்கள். சில பலகைகளில் அது உண்டு. அதை இயக்கினால் பழைய முறையும் வேலை செய்யும். சில புதிய பலகைகளில் அது இல்லை. அப்படியென்றால் அந்தக் கார்டைப் பழைய கணினி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுக்கலாம். குப்பையில் போட வேண்டாம்.

கவனம்: கணினியைத் திறக்கும் முன் மின்வயரைக் கழற்றுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சொற்கள்
பொருந்து – இடத்தில் சரியாக இரு
ஒத்துப்போ – சேர்ந்து வேலை செய்
பழுதாக்கு – கெடுத்துவிடு

பயிற்சி
1. ஏஜிபி கார்டை ஏன் அழுத்தக் கூடாது?
2. கார்டு பொருந்தியும் திரை கறுப்பாக இருப்பது ஏன்?
3. எழுத்துத் தமிழில் எழுதுங்கள்: போட்டுப் பாப்பம், போடாதை, புதுசு, எங்கட.
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளைப் பற்றி ஐந்து வசனம் எழுதுங்கள். அது இன்னும் வேலை செய்கிறதா?