ரப்பி இல்லாமல் தொழலாமா?

யூதர்களுக்கு ரப்பி என்பவர் நம் பள்ளி இமாம் போன்றவரா? அவர் இல்லாவிட்டால் அவர்களால் தொழ முடியாதா?
– வாசகர், கல்முனைக்குடி

தாராளமாகத் தொழலாம். மரபுப்படி 13 வயது நிரம்பிய ஆண்கள் 10 பேர் கூடினால் போதும். ஓதத் தெரிந்த எவரும் முன்னின்று நடத்தலாம். ரப்பி மார்க்கச் சட்டம் கற்றவர். இறைவனுக்கும் அடியானுக்கும் இடையில் நிற்பவரல்ல. அந்த வகையில் பத்வா கொடுக்கும் ஆலிமுக்கே அவர் நெருக்கமானவர்.

நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. கொச்சி யூதர்கள் பெரும்பாலும் ரப்பி இல்லாமலே பல தலைமுறை வாழ்ந்தார்கள். ஓதத் தெரிந்தவர்கள் தொழுகை நடத்தினார்கள். சமூக நிர்வாகத்தை 'முதலியார்' பட்டம் பெற்ற தலைவரும் பெரியவர்களும் கவனித்தார்கள். நம் பள்ளிகளில் குடி மரைக்காயர்கள் நிர்வாகம் பார்க்க, மௌலவி மார்க்கம் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கலான சட்டக் கேள்வி வந்தால் கடிதம் கடல் கடந்து போகும். தங்களில் ஒரு பிரிவாரைத் தாழ்த்தி, திருமண உறவு மறுப்பது சரியா என்று 16ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த ரப்பி டேவிட் இப்னு ஸிம்ராவிடம் கேட்டார்கள். முறைப்படி முழுக்குச் சடங்கு முடித்தால் மணமுடிக்கலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் 'பரதேசி' (வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்) எனப்பட்ட யூதர்கள் அதை ஏற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் வழக்கறிஞர் ஏ.பி. சேலம் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்த பிறகுதான் அந்தப் பாகுபாடு தளர்ந்தது.

அறிஞர் தீர்ப்புச் சொல்லலாம். அதை நடைமுறைப்படுத்தும் கடமை ஜமாஅத்தாருடையது. இது நமக்கும் பொருந்தும்.