கலங்கிய சைக்கிளும் ஒருவரி விமர்சனமும்

கேள்வி: இணையக் குழுவில் படம் போட்டால் ஒன்று ‘சூப்பர்’ என்கிறார்கள், இல்லையென்றால் ‘ஷார்ப் இல்லை’ என்று தள்ளிவிடுகிறார்கள். யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

பதில்: 2006-ல் ஃப்ளிக்கர் தளத்தின் விமர்சனக் குழு ஒன்றில், எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் ஒரு படத்தைப் போட்டார்கள். வளைந்து இறங்கும் படிக்கட்டு, கீழே தெருவில் கலங்கலாக விரையும் சைக்கிள்காரர். தெளிவில்லை, நீக்கிவிடலாம் என்றார்கள் பலர். அது புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932-ல் பிரான்ஸின் இயேர் நகரில் எடுத்த புகழ்பெற்ற படம். படிக்கட்டு அசையாமல் நிற்க, சைக்கிள் மட்டும் கலங்கியதால்தான் அதில் வேகமே பிறக்கிறது. கலங்கலைச் சரியாகவே கண்டார்கள். அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்கத்தான் தவறிவிட்டார்கள்.

அதற்காக எல்லா விமர்சனத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். ‘தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருக்கிறது’, ‘வெள்ளைச் சட்டையில் மடிப்பே தெரியவில்லை, எக்ஸ்போஷரைக் குறையுங்கள்’ என்று இடத்தைக் காட்டிச் சொல்பவர் உங்கள் படத்தை நின்று பார்த்தவர். அவரை விடாதீர்கள். படம் போடும்போதே எதைக் காட்ட நினைத்தீர்கள், ஷட்டர் வேகம் என்ன என்று எழுதுங்கள். திட்டமாக ஒரு கேள்வியும் கேளுங்கள். அடுத்தவர் படத்துக்குக் கருத்துச் சொல்லும்போது, உங்கள் கண் முதலில் எங்கே போனது என்பதிலிருந்து தொடங்குங்கள். எடுத்தவரால் தானே தெரிந்துகொள்ள முடியாத விஷயம் அது.