வந்த கம்பெனி நிலைக்க வேண்டும்: படப்பை வட்டார வணிகர்களுக்கு ஒரு கணக்கு



புதிய தொழிற்சாலைக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது என்று பத்திரிகையில் செய்தி வந்தால் போதும், நம் கடைத்தெருவில் அட்வான்ஸ் தொகை ஏறிவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டு குறைந்தால் அந்தச் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. அது நமது பற்று நோட்டில்தான் முதலில் வருகிறது.

ஒரு வட்டாரம் பொருளாதாரத்தில் வளர வேண்டுமானால் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். வராத தொழிலை வரவழைப்பது ஒன்று, வந்த தொழிலை நிலைக்கச் செய்வது மற்றொன்று. முதல் காரியத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. நிலம் எடுப்பது, சாலை போடுவது, மின்சாரம் தருவது, வரிச்சலுகை பேசுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரண்டாவது காரியத்தை யார் பார்ப்பது என்பதில்தான் குழப்பம். அதில் நமக்கும் பங்கு உண்டு, நமது முதலும் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

தொழில் வந்த விதம் நாம் அறிந்ததுதான். சிப்காட் நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்டது. ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்து 1998-ல் சாண்ட்ரோ காரை வெளியே விட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியாவும் 2007-ல் சாம்சங்கும் உற்பத்தி தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்பீல்டு. துறைமுகம் பக்கத்தில், பெங்களூர் நெடுஞ்சாலை பக்கத்தில், ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் தாராளம். ஏன் இங்கே வந்தார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை.

படப்பை வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் தாம்பரம் பக்கத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிறது. இயந்திரம் ஒரகடத்தில் ஓடுகிறது. அதை ஓட்டுகிறவர்களில் பெருந்தொகையினர் நம் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கிச் சாப்பிடுகிறார்கள். ஒரிசா, பீகார், அசாம் பக்கத்துப் பிள்ளைகள் வந்த பிறகு நம் மளிகைக் கடைகளில் ஆட்டா மாவு, கடுகு எண்ணெய், மைசூர் பருப்பு, அவல், சோயா உருண்டை எல்லாம் நிரந்தரச் சரக்காகிவிட்டன. புழுங்கல் அரிசியும் துவரம்பருப்பும் மட்டுமே வைத்துக் கடை நடத்தியவர்கள் இன்று ராஜ்மாவுக்கு ரேட் கேட்கிறார்கள். ஆக, நமது சரக்குப் பட்டியலை எழுதுவது அந்தத் தொழிற்சாலைகளின் ஆள் எடுப்புத்தான்.

நோக்கியா நமக்குக் காட்டியது

2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா தொழிற்சாலை நின்றது. அதற்கு முன்பே விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறிவிட்டனர். நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது, வரி வழக்கின் காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேராமல் தனித்து நின்றது. தயாரிக்க ஆர்டர் இல்லை, ஆலையும் நின்றது. அதே வளாகத்தில் நோக்கியாவை நம்பி இயங்கிய ஃபாக்ஸ்கானும் அந்த ஆண்டு டிசம்பரில் கதவை மூடியது.

வரி கேட்டது சரியா தவறா என்பது சட்டம் படித்தவர்கள் பேச வேண்டியது. வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது வேறு. நோக்கியா ஜெர்மனியில் போகம் நகரத்து ஆலையை 2008-ல் மூடி, உற்பத்தியை ருமேனியாவின் குளூஜ் பக்கம் கொண்டு போனது. வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கொடு என்று அந்த மாநில அரசாங்கம் கேட்கும் நிலை வந்தது. மூன்றே ஆண்டில், 2011-ல், குளூஜ் ஆலையும் மூடப்பட்டது. 2012-ல் சொந்த நாடான பின்லாந்தில் சாலோ நகரத்து ஆலையும் போயிற்று. ஆகவே சலுகையும் மலிவான கூலியும் மட்டுமே பார்த்து வந்த தொழில், அடுத்த ஊரில் அதைவிட மலிவு கிடைத்தால் போய்விடும். சந்தையில் அதன் சரக்கு விலைபோகவில்லை என்றால் சொந்த ஊரிலும் நிற்காது. ஸ்ரீபெரும்புதூர் அந்த வரிசையில் நான்காவது.

இன்னொன்றும் உண்டு. நோக்கியா வளாகத்தில் உதிரிபாகம் செய்தவர்கள் அதே ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்தார்கள். மரம் விழுந்ததும் கொடியும் விழுந்தது. நம் மளிகைத் தொழிலிலும் இதே கதைதான். ஒரே மெஸ்காரருக்கு மாதம் முழுதும் சரக்கு ஏற்றிவிட்டு, மற்ற வாடிக்கையை அலட்சியம் செய்தவர் நிலை அந்த உதிரிபாகக் கம்பெனி நிலையேதான்.

அந்தக் கட்டடம் சும்மா கிடந்து, 2019-ல்தான் சால்காம்ப் நிறுவனம் அதை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஐந்து ஆண்டுகள்! சுற்றுப்புறக் கடைகளுக்கு ஐந்து ஆண்டு வாடகையை யார் கட்டுவார்கள்? அண்டையில் மறைமலைநகர் போர்டு ஆலை 2021 செப்டம்பரில் வெளியேற்றத்தை அறிவித்து 2022 ஜூலையில் கடைசிக் காரை இறக்கியது. 2025 அக்டோபரில் இன்ஜின் தயாரிக்க மீண்டும் ஒப்பந்தமாகியிருக்கிறது என்றாலும் உற்பத்தி 2029-ல்தான். போன கம்பெனி திரும்பி வந்தாலும் இடைக்காலம் நம் தலையில்தான் விழுகிறது. இதற்கு மாறாக ஒரகடத்தில் 2025-ல் நிசானின் பங்கை ரெனோ வாங்கிக்கொண்டதால், கூட்டாளி விலகியும் ஆலை நின்றது. வெற்றி என்று விழா எடுக்க வேண்டியது இதற்குத்தான், எடுக்கமாட்டார்கள்.

நூறு ரூபாய் எங்கே போகிறது

சம்பளப் பணம் ஊருக்குள் வருவதே ஊரின் வளர்ச்சி என்று நினைப்பது பாதிக் கணக்கு. வந்த பணம் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது என்பதே மீதிக் கணக்கு. நம்மையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் நம் கடையில் நூறு ரூபாய்க்குத் துவரம்பருப்பு வாங்கினால், அதில் பெரும்பகுதி குல்பர்காவுக்கோ அகோலாவுக்கோ பர்மாவுக்கோ போய்விடும். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கடைப்பையன் சம்பளம், நமது சில ரூபாய் லாபம் இவைதான் இங்கே தங்கும். அதே நூறு ரூபாய்க்கு நம் மாவட்ட ஆலை அரிசியோ, உள்ளூர்ச் செக்கு எண்ணெயோ, பக்கத்து ஊர்க் கீரையோ, உள்ளூரில் அரைத்த மிளகாய்த்தூளோ வாங்கினால் தங்கும் தொகை கூடுகிறது. தாம்பரத்துப் பெரிய கடைக்கோ கைப்பேசியில் ஆர்டர் எடுக்கும் கம்பெனிக்கோ அவர் போய்விட்டால் அந்தச் சில ரூபாயும் இல்லை.

கடைகளுக்கும் இது பொருந்தும். ஒரு கடைத்தெருவில் ஜவுளிக் கடையும் பாத்திரக் கடையும் மூடினால், குடும்பத்தோடு வருகிறவர்கள் தாம்பரம் பஸ் ஏறுவார்கள். போன இடத்திலேயே பருப்பும் வாங்கிக்கொள்வார்கள். பக்கத்துக் கடைக்காரர் காலி செய்கிறார் என்று மகிழ்ந்து அந்த இடத்தில் நாம் குடோன் போடுவது, தெரு முழுவதற்கும் நஷ்டக் கணக்கு.

சாப்பாடும் தொழில் காரியமே

2021 டிசம்பரில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. ஃபாக்ஸ்கான் தொழிலாளர் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதியில் சாப்பாடு கெட்டு ஏராளமானோர் நோயுற்றார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உலகத்துக்கே ஐபோன் செய்யும் ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடியும் திறந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, ஆர்டர் குறைவு இல்லை. சோறும் தங்குமிடமும் ஒழுங்காக இல்லாத ஒரே காரணம். ஆலை ஒரு ஊரில் நிலைப்பதற்கு அரிசி, பருப்பு, தண்ணீர், கழிப்பறை எவ்வளவு முக்கியம் என்பதை அதற்குமேல் யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய ஸ்டாக்கை விடுதிக்குத் தள்ளிவிடலாம் என்று நினைக்கும் வியாபாரி, தன் வாடிக்கையின் வேரையே வெட்டுகிறார்.

பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தை 706.50 கோடி ரூபாய்ச் செலவில் சிப்காட் கட்டித் திறந்தது. தொழிலை நிலைக்க வைக்கும் நல்ல வேலை இது, சந்தேகமில்லை. ஆனால் நமது பக்கத்திலிருந்து பார்த்தால், தனித்தனி ரூம்களில் சிதறியிருந்த அடுப்புகள் ஒரே சமையற்கூடத்தில் அடங்குகின்றன. கால் கிலோ, அரை கிலோ என்று நூறு கடையில் போன கொள்முதல், ஒரே ஒப்பந்தக்காரர் கையில் மூட்டைக் கணக்கில் சேர்கிறது. அவர் கோயம்பேட்டிலும் சென்னை மொத்த மண்டிகளிலும் வாங்கினால் படப்பைக்கு என்ன மிச்சம்? நம் உறுப்பினர்கள் சேர்ந்து, தர உத்தரவாதத்துடன், தினசரி சப்ளைக்கு ரேட் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். தனித்தனியாகப் போனால் யாரும் உள்ளே விடமாட்டார்கள்.

சப்ளை எடுப்பவர்கள் ஒரு சட்ட விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறு தொழில் செய்பவர் சரக்குக் கொடுத்தால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் வட்டி உண்டு என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. நம்மில் பலர் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். ஆனால் அந்தப் பதிவால் வியாபாரிக்குக் கிடைப்பது வங்கியில் முன்னுரிமைக் கடன் என்ற ஒன்று மட்டுமே. 45 நாள் பாதுகாப்பு வாங்கி விற்கும் நமக்குப் பொருந்தாது. மிளகாயை அரைத்து, மாவு திரித்து உற்பத்தியாளராகப் பதிவு செய்தவருக்கு அது பொருந்தும், நமக்கு இல்லை. எனவே ஒப்பந்தக்காரரிடம் தவணை நாளையும் வட்டியையும் காகிதத்தில் எழுதி வாங்காமல் ஒரு சிப்பம்கூட இறக்கக் கூடாது. ஒப்பந்தம் மாறும்போது பழைய ஒப்பந்தக்காரர் பாக்கியோடு மறைந்துபோவது நாமெல்லாம் கண்ட கதைதான்.

முன்கூட்டித் தெரிவது எப்படி

அமெரிக்க ஊர்களில் வணிகர் சங்கத்தார் ஆண்டுக்கொரு முறை உள்ளூர்த் தொழிற்கூடங்களுக்கு நேரில் போய்ச் சில கேள்விகள் கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். இடத்தின் குத்தகை எப்போது முடிகிறது? ஆள் கிடைக்கிறதா? சாலை, மின்சாரம், பஸ் இவற்றில் என்ன குறை? வேறு ஊர் பார்க்கிறீர்களா? கேட்டதைக் குறித்து நகராட்சிக்குக் கொண்டுபோவார்கள். போகிற கம்பெனி போவதற்கு ஓரிரு ஆண்டு முன்பே கால் தூக்கும் என்பது அவர்கள் அனுபவம். குறை சிறியதாக இருக்கும்போது தீர்த்தால் செலவும் சிறியது.

நமக்கு அதைவிட வசதி அதிகம். பெரிய கம்பெனியின் மானேஜர் நம்மிடம் பேசமாட்டார், உண்மைதான். ஆனால் அவர் பேசாததையும் நாம் பார்க்கிறோம். காண்ட்ராக்ட் ஆட்களை முதலில் நிறுத்துவார்கள், ரூம் காலியாகும். கேண்டீனில் இரவுச் சாப்பாட்டுத் தட்டு குறையும். கம்பெனி பஸ் நான்கில் ஒன்று நிற்கும். சம்பளத்தேதி முடிந்தும் பழைய பாக்கி தீராமல், ஐந்து கிலோ அரிசி வாங்கியவர் இரண்டு கிலோ கேட்பார். இந்த நான்கும் ஒரே மாதத்தில் தெரிந்தால் கொள்முதலைக் குறைக்க வேண்டும், கடனை இறுக்க வேண்டும். 2024-ல் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செப்டம்பர் 9-ல் தொடங்கி அக்டோபர் 15 வரை 37 நாள் நீடித்தது. முப்பத்தேழு நாள் என்றால் ஒரு முழுச் சம்பளத்தேதி தப்பிப்போகும் என்று பொருள். அந்தக் கணக்கில் நமது கடன் வரம்பு இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளட்டும். ஒரே ஆலையின் சம்பளத்தை நம்பிய பற்று, மொத்தப் பற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நமது பார்வையில் அது அபாயம்.

பெரிய கம்பெனிகளைவிட அவற்றுக்கு உதிரி செய்யும் சிறு பட்டறைகளில்தான் நமது சங்கத்தின் பேச்சு எடுபடும். பத்துப் பேர், இருபது பேர் வைத்து லேத் ஓட்டுகிறவர் நம்மிடம்தான் மளிகை வாங்குகிறார். அவருக்கு மழைக்காலத்தில் பட்டறை வாசலில் தண்ணீர் நிற்பது பிரச்சினை, மாலையில் சாலையில் லாரி நகராதது பிரச்சினை. இவையெல்லாம் ஊராட்சியிலும் மின்வாரியத்திலும் நாம் சேர்ந்து கேட்டால் நடக்கக்கூடியவை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதிலிருந்து, நாம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் வண்டலூர், மறைமலைநகர் அந்தப் பக்கத்திலும் இருக்கிறோம். ஒரே சாலைக்கு இரண்டு கலெக்டர் அலுவலகம். மனு எழுதும்போது இரண்டு நகல் எடுத்துக்கொள்ளவும்.

முதல் வேலையாகச் சங்கத்தில் ஒரு நோட்டுப் போடலாம். உறுப்பினர் பெயர் வேண்டாம், கடன் தொகையும் வேண்டாம். அவற்றை எழுதச் சொன்னால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எந்த ஆலைப் பக்கத்து விற்பனை கூடியது, எது குறைந்தது, எந்தப் பட்டறை இடம் மாற்றப் பேசுகிறது என்று மட்டும் ஒவ்வொரு மாதம் பத்தாம் தேதிக்குமேல், சம்பளப் பட்டுவாடா முடிந்ததும், செயலாளர் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். மாதக் கூட்டத்தில் தேநீருக்கு முன்பு அதை வாசித்துவிட வேண்டும். தேநீருக்குப் பின் யாரும் உட்காருவதில்லை.